ஈசல் அன்று, அன்றாடம்

சென்ற ஆண்டு எல்லைப் பகுதியில் நடைபெற்ற ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசிய அன்பர் ஒருவர், பழைய துண்டறிக்கைகள், மணவோலைகள், நாடக அறிவிப்புகள், கோயில் திருவிழா நோட்டீசுகள் முதலியவற்றைச் சேர்த்து வைப்போரை எள்ளி நகையாடினார். “பிரெஞ்சு மொழியில் ‘எஃபெமேர்’ என்றொரு சொல் உண்டு. அதன் பொருள் ஈசல். இத்தாள்களெல்லாம் ஈசல் இலக்கியம். மாலையில் சிறகு முளைத்துக் காலையில் குப்பையாவன. நிலையாமையைப் பாடிய தமிழன் இவற்றைக் கட்டிக்கொண்டு அழலாமா?” என்று அவர் கேட்டார். அவை கைதட்டிற்று. அடியேனும் அந்த அவையில் இருந்தேன். கைதட்டவில்லை. எழுந்து மறுக்கும் துணிவும் அன்று வரவில்லை. மைய அரசின் அலுவலகமொன்றில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தனுக்கு, மேடையைவிடத் தாளே வசதியானது. ஆதலின் அன்று சொல்லாததை இம்மலரில் சொல்லுகிறேன்.

அன்பர் கூறியவற்றுள் சொற்பொருளும் பிழை, உயிரியலும் பிழை, நிலையாமைக்கு அவர் கொண்ட பொருளும் பிழை.

முதலில் சொல்லை நோக்குவோம். ‘எஃபெமேர்’ என்பது பிரெஞ்சு மண்ணில் பிறந்த சொல் அன்று. ‘எபி’ என்னும் கிரேக்க முன்னொட்டும், நாள் எனப் பொருள்படும் ‘ஹெமெரா’ என்னும் கிரேக்கச் சொல்லும் கூடிப் பிறந்தது. ‘நாளைப் பற்றியது’, ‘ஒரு நாளுக்கு உரியது’ என்பதே அதன் நேர்ப்பொருள். இதில் இகழ்ச்சி எங்கே உள்ளது? கிரேக்கப் பாவலன் பிண்டார் இச்சொல்லால் மனிதரையே குறித்தான். அந்தக் கணக்கில் மேடையில் பேசியவரும் எஃபெமேர், கேட்டிருந்த நாமும் எஃபெமேர்.

பிரெஞ்சு மொழிக்குள் இச்சொல் நடுக்காலத்தில் மருத்துவ நூல்களின் வழியே புகுந்தது. ஒரே நாள் காய்ந்து தணியும் காய்ச்சலுக்கு அது பெயராயிற்று. பின்னரே பூச்சிக்கும் பூவுக்கும் ஏறிற்று. ஒரு நாள் மட்டும் மலர்ந்து வாடும் பூக்களையுடைய ஒரு செடியைப் பிரெஞ்சுக்காரர் இன்றும் ‘வர்ஜீனியா எஃபெமேர்’ என்றே வழங்குகின்றனர். அதே வேரினின்று ‘எஃபெமெரிட்’ என்றொரு சொல்லும் அவர்களிடம் உண்டு. கோள்களின் நாள்தோறுமான நிலையைக் குறிக்கும் அட்டவணைக்கு அது பெயர். நம் வழக்கில் சொன்னால் பஞ்சாங்கத்தின் உறவினன். நாள்தோறும் ஒரு தாளைக் கிழித்தெறியும் சுவர் நாட்காட்டிக்கும் அதுவே பெயர். சிவகாசியில் அச்சாகி நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் தினசரிக் காலண்டருக்குப் பாரிசில் இப்படியொரு கம்பீரமான பெயர் இருப்பதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இன்னொன்று. பழந்தாள்களைக் குறிக்க இச்சொல்லை முதன்மையாக ஆண்டவர் பிரெஞ்சுக்காரரும் அல்லர், ஆங்கிலேயரே. இலண்டனில் 1975இல் மாரிஸ் ரிக்கார்ட்ஸ் என்பார் இத்தகைய தாள்களுக்கென்றே ஒரு கழகம் கண்டு, அதற்கு இச்சொல்லைப் பெயராக்கினார். பிரெஞ்சுக்காரரோ 1900ஆம் ஆண்டிலேயே அப்படியொரு கழகத்தை நிறுவி, அதற்கு ‘பழந்தாள்’ என்று பொருள்படும் எளிய பெயரை வைத்தனர். பிரெஞ்சுச் சொல்லை மேற்கோள் காட்டிப் பழந்தாளை இகழ்ந்த நம் அன்பர், பிரெஞ்சுக்காரர் நூற்றிருபது ஆண்டுகளாகப் பழந்தாளைப் போற்றி வருவதை அறிந்திலர். அரைகுறையாய்க் கேட்ட அயற்சொல் நம்மவர்க்கு மேடையில் தரும் துணிவு பெரிது!

இனி ஈசல். கருங்கடற் பகுதியில் ஹைப்பனிஸ் என்னும் ஆற்றின்மேல் கோடையில் தோன்றி, அந்தி சாயும்போது மடியும் சிறகுடைய உயிர் ஒன்றை அரிஸ்டாட்டில் குறித்துள்ளார். ‘எஃபெமெரோன்’ என்பது அதன் பெயர். அது நீர்நிலையில் வாழும் பூச்சியினம். சிறகு முளைத்த பின் அதற்கு உண்ண வாயும் பயன்படாது. சில மணி நேரமோ ஓரிரு நாளோ வாழும். ஆனால் சிறகு முளைக்கு முன் அது நீருக்கடியில் பல மாதங்கள், சிலவகை ஓராண்டுக்கு மேலும், உண்டு வளர்ந்த உயிர். நாம் காண்பது ஒரு நாள், காணாதது ஓராண்டு. நம் கண்ணுக்குத் தெரிந்ததே அதன் வாழ்நாள் என்று தீர்ப்பெழுதிவிட்டோம்.

ஈசலோ முற்றிலும் வேறு. அது சிறகு முளைத்த கறையான். இடவமழைக்கும் துலாமழைக்கும் மண்ணிலிருந்து பீறிட்டெழும் அதை நெய்யாற்றங்கரையில் வளர்ந்த எவரும் அறிவர். விளக்கைச் சுற்றும், பல்லிக்கும் காக்கைக்கும் இரையாகும், தமிழ்நாட்டில் அரிசியோடு வறுத்துத் தின்போரும் உளர். மறுநாட் காலை திண்ணையெங்கும் சிறகு கிடக்கும். அச்சிறகைக் கண்டுதான் ‘ஈசல் வாழ்வு ஒரு நாள்’ என்று நம்மவர் பழமொழி பேசினர். சிறகு உதிர்ந்தது சாவன்று. உயிர் தப்பிய ஆணும் பெண்ணும் தாமே சிறகைக் களைந்து, இணையாகி, மண்ணைத் தோண்டி உள்ளே செல்கின்றன. அவையே ஒரு புதிய புற்றுக்கு அரசனும் அரசியும் ஆகின்றன. அந்த அரசி பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடும். ஆதலின், பழந்தாளை ஈசல் என்று அன்பர் அழைத்ததை ஒருவகையில் நான் ஏற்கவே செய்கிறேன். ஆயிரம் தாளில் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு குப்பையாகும். தப்பிய பத்துத்தாளில் ஓர் ஊரின் வரலாறு புற்றெடுக்கும்.

அப்படிப் புற்றெடுத்தது தமிழில் உண்டா எனின், உண்டு. அதுவும் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியிலேயே உண்டு. ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761இல் தம் மறைவு வரை நாள்தோறும் கண்டதும் கேட்டதும் எழுதி வைத்தார். இன்ன கப்பல் வந்தது, இன்ன சரக்கு இன்ன விலை, இன்னார் இன்னாரிடம் இப்படிச் சொன்னார், இன்று மழை என்பன அக்குறிப்புகள். காப்பியம் பாடும் எண்ணம் அவருக்கு இல்லை. தாம் எழுதியதைத் ‘தினப்படி’ சேதிக் குறிப்பு என்றார். கிரேக்க மொழியில் நாட்குறிப்புக்கு ‘எஃபெமெரிஸ்’ என்றே பெயர். எந்தக் கிரேக்க அகராதியும் காணாத பிள்ளை, அச்சொல்லின் துல்லியமான தமிழை அன்றே எழுதிவிட்டார்! அவர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகள் அந்த ஏடுகள் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தன. 1846இல் கலுவா மோம்ப்ரன் என்னும் பிரெஞ்சு அலுவலர் கண்ணில் அவை பட்டன. பின்னர் 1904 தொடங்கி 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தன. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய வரலாற்றை எழுதப் புகும் எவரும் இன்று அந்தத் தினப்படியைத் தாண்டிச் செல்ல இயலாது. அந்த எண்பத்தைந்து ஆண்டுகளுக்குள் அவ்வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த ஒரு சுறுசுறுப்பான மருமகன் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் அண்டையிலேயே இன்னொரு சான்று உண்டு. நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரத்துப் பெரியவீட்டு முதலியார் ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆராய்ந்தார். மலரும் மாலையும் பாடிய கவிஞர் எதற்காக வரிக்கணக்கையும் நிலக்கணக்கையும் படித்தார்? அவ்வோலைகளில்தான் நாஞ்சில் நாட்டார் மீது விழுந்த வரிச்சுமையும், மனிதரை அடிமையாக விற்ற செய்தியும், விலையோடு இருந்தன. அரசர் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியில் இவை வாரா. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைச்சுருணைகளும் பெரும்பாலும் அன்றாடக் கணக்குகளே. கேரள வரலாற்றாசிரியர் அவற்றைத் தலைமேல் வைத்துப் போற்றுவதை நாம் ஆற்றின் இக்கரையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நிலையாமை பற்றிய வாதத்துக்கு வருவோம். திருவள்ளுவர் நிலையாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தது மெய். அது முப்பத்து நான்காம் அதிகாரம். நாலடியாரும் செல்வம், இளமை, யாக்கை என மூன்று நிலையாமைகளோடு அறத்துப்பாலைத் தொடங்குகிறது. ஆனால் யாக்கை நிலையாது என்றவர் எவரும் ஏட்டை எரி என்று சொல்லவில்லை. நிலையாமையைப் பாடிய பாட்டே நிலையாத ஓலையில்தான் எழுதப்பட்டது. ஓலை பூச்சியரிக்கும், நம் ஈரக்காற்றில் நொறுங்கும். ஆதலின் நம் முன்னோர் தலைமுறைதோறும் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினர். நிலையாமையை உண்மையாக நம்பியவன் செய்யும் வேலை அது. ‘எல்லாம் அழியும்’ என்று சொல்லிக் கைகட்டி நிற்பது தத்துவம் அன்று, சோம்பல். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகள் சிதைந்தனவென்று நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இடப்பட்டதைக் கேட்டு உ.வே.சாமிநாதையர் உள்ளம் நொந்ததை அவர் வரலாறு கூறும். அன்று எரித்தவர்களும் சாத்திரம் சொல்லித்தான் எரித்தனர். இன்று மேடையில் நம் அன்பர் சொன்னதும் அவ்வகைச் சாத்திரமே.

‘ஓலைச்சுவடி வேறு, நோட்டீசு வேறு’ என்று ஒரு மறுப்பு எழும். வேறுதான். சுவடியைத் தேடி அலைய ஒரு சாமிநாதையர் வந்தார். நோட்டீசைத் தேடி அலைந்தவர் கோட்டையூரில் வாழ்ந்து 1992இல் மறைந்த ரோஜா முத்தையா. அவர் பெரும்புலவர் அல்லர். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு நாடக அறிவிப்புகளையும் திருமண அழைப்புகளையும் துண்டறிக்கைகளையும் ஒரு தரமாகவே மதித்துச் சேர்த்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். அவர் மறைந்தபின் அதை விலை கொடுத்து வாங்கியது அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம். நல்லூழாக அது கடல் கடக்கவில்லை. 1994இல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாயிற்று. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் சில காசுகளுக்கு விற்ற கொலைச்சிந்து, வெள்ளச்சிந்து, இரயில் விபத்துப் பாட்டு ஆகியவற்றைக் கொண்டு ஆ.இரா.வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்னும் நூலையே ஆக்கினார். புலவர் பெருமக்கள் தொடக்கூசிய சில்லறைப் பாட்டுகளில்தான் அக்கால எளிய தமிழன் எதைக் கண்டு அஞ்சினான், எதைக் கண்டு சிரித்தான் என்னும் செய்தி இருக்கிறது.

இவ்வளவும் ஊரார் கதை. அமரவிளைக்காரன் ஒருவன் இதில் ஏன் இத்துணைச் சினங்கொள்கிறான் என்று கேட்கலாம்.

1956 நவம்பர் முதல் நாள், வியாழக்கிழமை. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கேட்டவற்றுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று, அது கிடைக்கவில்லை. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே கோடு விழுந்தது. நாம் கோட்டுக்கு வடக்கே நின்றோம். இணைந்தவர்க்கு வரலாறு கிடைத்தது. 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக்கு இரையானோர்க்கு அங்கே நினைவிடம் உண்டு. மார்ஷல் நேசமணிக்கு மணிமண்டபம் உண்டு. இணையாதவர்க்கு என்ன உண்டு? நெய்யாற்றின்கரையில் தமிழ்க் கூட்டம் எங்கே நடந்தது, யார் பேசினார், யார் விளக்குக்கு எண்ணெய் தந்தார், யார் எதிர்த்தார் என்பவற்றை எந்த அரசு வெளியீடும் எழுதாது. தமிழ்நாட்டு வரலாற்றுக்கு நாம் எல்லைக்கு வெளியே. கேரள வரலாற்றுக்கு நாம் ஓர் அடிக்குறிப்பு; அதுவும் இரக்கமிருந்தால். நம் சான்றெல்லாம் நோட்டீசுதான்.

என் பாட்டனாரின் வெற்றிலைப் பெட்டியின் அடியில் விரிக்கப்பட்டிருந்த ஒரு தாள் என்னிடம் உள்ளது. ஒரு பொதுக்கூட்ட அறிவிப்பு. மேலே தமிழ், கீழே மலையாளம். இரண்டும் ஒன்றையே சொல்லவில்லை. தமிழில் ‘தாய்த்தமிழக இணைப்பு’ என்றிருக்கும் இடத்தில் மலையாளத்தில் ‘நம் ஊர்க் குறைகள்’ என்றிருக்கிறது. ஒலிபெருக்கி உண்டு என்று தனி வரியில் பெரிய எழுத்து. பின்புறம் பாட்டனாரின் கையால் எழுதிய தேங்காய் வெட்டுக் கணக்கு. இரு மொழியாரிடமும் இரு விதமாகப் பேச வேண்டியிருந்த அந்த ஊரின் அச்சமும் சாமர்த்தியமும் எந்த நூலில் எனக்குக் கிடைக்கும்? அத்தாளில் கிழமை உண்டு, மாதம் உண்டு, நாள் உண்டு. ஆண்டு இல்லை. நோட்டீசு அடித்தவனுக்கு ஆண்டு எதற்கு? படிப்பவனுக்கு அது தெரியுமே! நான் பழைய பஞ்சாங்கங்களை வைத்துக்கொண்டு, அந்தக் கிழமையும் அந்தத் தேதியும் எந்தக் கொல்லம் ஆண்டில் ஒன்றுகூடும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். 1129 என்று வந்தது. அதாவது 1953க்கும் 1954க்கும் இடைப்பட்ட காலம். ஓர் எஃபெமேருக்கு இன்னொரு எஃபெமெரிட் சான்று சொன்ன வேடிக்கை அது.

இனி, என் மனத்தை உறுத்தும் செய்தி. எல்லைப் பகுதியில் இயங்கும் ஒரு தமிழ் அமைப்பு, பெயர் வேண்டா. அதன் அறைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளையடித்தார்கள். மூன்று தலைமுறை நோட்டீசுகள், கூட்ட அழைப்புகள், நன்கொடைச் சீட்டுகளின் அடிக்கட்டைகள், ஆண்டு மலர்கள் எல்லாம் இரண்டு அலமாரியில் இருந்தன. நான் விடுப்பில் ஊருக்கு வந்து பார்த்தபோது அலமாரி இருந்தது, புது வண்ணத்தோடு. தாள் இல்லை. ‘எல்லாம் பழசு, இராமபாணம் அரித்தது, ஆக்கர்க் கடைக்குப் போட்டோம்’ என்றார் பொறுப்பாளர். நல்ல மனிதர், தமிழுக்காகத் தம் கைப்பொருளைச் செலவிடுபவர். அவர் செய்ததில் கெடுநோக்கு ஏதும் இல்லை. அதுதான் எனக்கு அச்சம் தருகிறது. பகைவன் எரித்தால் கூக்குரலாவது எழும்.

நான் பணிபுரியும் உலகில் ஒரு கோப்பை அழிப்பது அத்துணை எளிதன்று. எக்கோப்பு என்றும் காக்கத்தக்கது, எது பத்தாண்டுக்குள் கழிக்கத்தக்கது என்று வகை உண்டு, பட்டியல் உண்டு, அழிக்கும் முன் பார்த்துக் கையொப்பமிட ஓர் அலுவலர் உண்டு. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம், 1892க்கு முந்திய ஆவணத்தைப் பெரிதும் சிதைந்தாலன்றி அழிக்கலாகாது என்றே விதித்துள்ளது. சிவப்பு நாடா என்று நம்மைப் பழிப்பவர் பழிக்கட்டும். அந்த நாடாவாவது தாளைக் கட்டி வைக்கிறது! தமிழின் பெயரால் நடக்கும் அமைப்பில் மூன்று தலைமுறைத் தாளை அழிக்க, வெள்ளையடிப்பவரின் ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது.

‘எல்லாவற்றையும் யார் வைத்திருக்க முடியும், இடம் எங்கே?’ என்பர். எல்லாவற்றையும் வைக்க நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு படி போதும். துருவேறும் குண்டூசியும் ஒட்டுநாடாவும் வேண்டா. தாளின் பின்புறம் பென்சிலால் ஆண்டை எழுதுக. யார் கொடுத்தார் என்று ஒரு பதிவேட்டில் ஒரு வரி. ஓர் இரும்புப் பெட்டி ஐம்பதாண்டைத் தாங்கும். ‘இப்போது எல்லாம் கைப்பேசியில் இருக்கிறதே’ என்போர்க்கும் ஒரு சொல். இன்று திருமண அழைப்பும் கூட்ட அறிவிப்பும் வாட்ஸ்அப்பில் ‘நிலைத்தகவல்’ ஆக வருகின்றன. பெயரில் மட்டுமே அது நிலை. இருபத்து நான்கு மணி நேரத்தில் தானே மறைகிறது. கிரேக்கன் கண்டிருந்தால் இதைத்தான் எஃபெமேர் என்றிருப்பான். பாட்டனாரின் நோட்டீசு எழுபதாண்டு வெற்றிலைக் காம்போடு கிடந்தும் என் கைக்கு வந்தது. என் மகளின் பேரனுக்கு இந்நாளைய அழைப்பு எது கிட்டும்?

பெயரையும் திருத்திக்கொள்வோம். பழந்தாளை ஈசல் இலக்கியம் என்னாதீர்கள். ‘எஃபெமேர்’ என்பதற்குத் தமிழில் நல்ல சொல் முன்பே உண்டு: அன்றாடம். அன்றன்று உழைத்து அன்றன்று உண்பவனை அன்றாடங்காய்ச்சி என்கிறோம். அவனை அற்பன் என்பதில்லை, ஊர் அவன் தோளில்தான் நிற்கிறது. அவ்வழியே இவற்றை ‘அன்றாடத் தாள்கள்’ என்று வழங்கலாம். நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் இந்தச் சிறப்பு வெளியீட்டையும் நாம் ‘மலர்’ என்றுதானே அழைக்கிறோம்? இதில் என் கட்டுரையைவிடக் கடைசிப் பக்கங்களில் உள்ள நகைக்கடை, துணிக்கடை, மருந்துக்கடை விளம்பரங்களே ஐம்பதாண்டு கழித்து ஆய்வாளருக்குப் பெரிதும் பயன்படும் என்பதை வருத்தமின்றி ஒப்புக்கொள்கிறேன். கட்டுரையைக் கிழித்தாலும் அப்பக்கங்களைக் கிழிக்காதீர்கள்.

அந்த அமைப்பின் அலமாரியில் இருந்த தாள்களைத் தேடி ஆக்கர்க் கடைக்கும் சென்றேன். எப்போதோ லாரி ஏறிப் போய்விட்டன என்றனர். திரும்பி வந்து, கணக்குகளையாவது பார்க்கலாமா என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். மனமுவந்து கோப்பை எடுத்துத் தந்தார். அதில் அவ்வாண்டின் வரவுச் சீட்டுகளுக்கிடையே, தணிக்கைக்கு வேண்டுமென்று ஒழுங்காகத் துளையிட்டு நாடாவில் கோத்து, எடைச்சீட்டு ஒன்று பத்திரமாக இருந்தது: பழைய தாள், முப்பத்தொரு கிலோ.